பிறந்தநாளுக்கு ஒரு கல்

எனக்கு எழுபத்தைந்து வயது நிறைந்த அன்று பின்னேரம் என் வீட்டு முன்னறையில் பதினொரு பேர் இருந்தார்கள். என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு. என்னிடம் இருப்பது ஆறு கதிரைகள். இரண்டை அடுத்த வீட்டிலிருந்து தூக்கி வந்தார்கள். மிச்சப் பேர் கட்டிலிலும் வாசல்படியிலுமாக இருந்து சமாளித்தார்கள். அந்த அறையில் அவ்வளவு ஆட்களை நான் ஒருநாளும் ஒன்றாகக் கண்டதில்லை. மின்விசிறிக்குப் போகும் வயர் தரையோடு ஓடுகிறது. யாராவது கால் தடக்கி விழுந்துவிடப் போகிறார்கள் என்ற பயத்திலேயே எனக்குப் பாதி நேரம் போய்விட்டது.

ஏற்பாடு முழுவதும் அடுத்த வீட்டுப் பெண்ணுடையது. அவரும் கணவரும் இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, ஒரு கைக்குழந்தையோடு மன்னாருக்குத் திரும்பி வந்தவர்கள். கணவருக்கு மேசன் வேலை. அந்தக் கைக்குழந்தைக்கு அப்போது எட்டு வயது முடிந்திருந்தது. அவள்தான் ஒருநாள் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "தாத்தா, உங்களுக்குப் பிறந்தநாளே இல்லையோ?" என்று கேட்டவள். இருக்கிறது என்று திகதியைச் சொன்னேன். சொன்னது பிழையாகப் போயிற்று. தாய் கேக் அடித்து, ஒழுங்கையில் உள்ளவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

கேக்கின் ஒரு பக்கத்தில் ஏழு மெழுகுதிரி, மறுபக்கத்தில் ஐந்து. நான் ஊதியதில் மூன்று அணையவில்லை.

"ஐயாவுக்கு மூச்சுக் காணாது. மனுசியெண்டு ஒராள் இருந்திருந்தா மிச்சத்தை அவ ஊதியிருப்பா" என்றார் சந்தியில் மருந்துக்கடை வைத்திருப்பவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கலியாணம் கட்டாதவன். இந்த வீடு அக்காவுடையது. அக்காவும் அத்தானும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களின் மூன்று பிள்ளைகளும் மூன்று நாடுகளில். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று என்னை இங்கே இருக்கச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஓடுகளில் உடைந்தவை எத்தனை என்று கேட்டால் இப்போதே சொல்வேன்.

வந்தவர்கள் போகும்போது மேசையில் எட்டுப் பொதிகள் இருந்தன. எங்கள் பக்கத்தில், பரிசு கொண்டுவந்தவர் இருக்கும்போது அதைப் பிரிக்கிற வழக்கம் இல்லை. வாங்கி, ஒரு பக்கமாக வைத்துவிட்டு, ஆட்கள் எல்லோரும் போன பிறகுதான் பிரிப்பார்கள். முன்னாலேயே பிரித்தால் பறக்கிறார்கள் என்று நினைப்பார்கள். பொருள் பிடிக்காவிட்டால் முகமும் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு அந்தப் பரிசைப் பற்றி ஒருவரும் பேசுவதும் இல்லை. கொடுத்தவர் கேட்கமாட்டார், வாங்கியவர் சொல்லமாட்டார். இது மரியாதை. நானும் அப்படியே, கடைசி ஆள் படலையைச் சாத்திவிட்டுப் போன பிறகு கதவைத் திறந்தபடி விட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பிரிக்கத் தொடங்கினேன்.

இடுப்பில் கட்டுகிற சாரம் மூன்று. இரண்டு துவாய். ஒரு சுவர் மணிக்கூடு. ஒரு பிளாஸ்க். எட்டாவது, கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பொதி. நீலத்தாள், வெள்ளி நட்சத்திரம் போட்டது. அதைப் பிரித்தால் உள்ளே இன்னொரு தாள், ரோசாப்பூ நிறம். அதையும் பிரித்தேன். மூன்றாவதாக இருந்தது பழைய கலண்டர் தாள். படம் உள்பக்கமாகவும் வெள்ளைப்பக்கம் வெளியாகவும் மடித்து, நான்கு மூலையிலும் ரேப் ஒட்டி, நடுவில் ஒரு துண்டு கூடுதலாக ஒட்டியிருந்தது. நடுவில் அந்தக் கூடுதல் துண்டை ஒட்டுவது நான். கலண்டர் தாளைப் புரட்டிச் சுற்றுவதும் நான்.

ரேப் பழுத்து மஞ்சளாகிவிட்டது. ஆனால் ஒரு இடத்திலும் பிரியவில்லை. உள்ளே சந்தனச் சவர்க்காரப் பெட்டி. அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் பதினேழாம் இலக்கக் கல்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் நான் கிணறு வேலைகளை மேற்பார்வை செய்தவன். மன்னார்த் தீவில் தோண்டினால் மணல்தான் வரும். பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் போனால் மணலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். நறுவிலிக்குளம் பக்கத்தில் வெடி வைத்துக் கிணறு இறக்கினால், மேலே வந்து விழும் கல்லில் பத்துக்கு ஒன்றில் சிப்பியோ சுருள் ஓட்டு ஊரியோ இருக்கும். சிப்பி என்றால் கடற்கரையில் கிடக்கிற சிப்பி இல்லை. கல்லாகவே மாறிப்போனது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் உயிர்ச்சுவடு என்று எழுதியிருக்கும். ஒரு கோடி ஆண்டுக்கும் கூடுதலான வயது என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். நான் நல்லவற்றைப் பொறுக்கி, கழுவி, அடியில் கறுப்பு மையால் இலக்கம் போட்டு வைப்பேன். அரசாங்கக் கந்தோரில் மண் மாதிரிகளுக்கு இலக்கம் போட்டுப் பழகிய கை. வேலைக்காரர்கள், "ஐயா வீட்டுக்கு அத்திவாரம் போடச் சேர்க்கிறார்" என்று பகிடி பண்ணுவார்கள்.

பதினேழாவது நல்ல கல். வட்டமாக, ஒரு தோசைத் துண்டு அளவுக்குத் தட்டையாக, மேலே ஐந்து இதழ்ப் பூ ஒன்று பொறித்தது போல இருக்கும். கடலடி மணலில் ஊர்ந்து திரிந்த ஒரு சின்னப் பிராணியின் ஓடு அது. பூவை ஒருவரும் செதுக்கவில்லை. இதைக் கையில் எடுக்கிற எந்தப் பிள்ளையும் விரலால் அந்த இதழ்களை எண்ணிப் பார்க்கும் என்று நான் நினைத்தேன். நான் எண்ணினேனே.

ஓய்வு பெற்று இந்த ஒழுங்கைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுப் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தது. கடையில் பார்த்தேன். எல்லாம் பிளாஸ்ரிக். கார் ஒன்றைக் கையில் எடுத்தேன், அந்தக் கையிலேயே ஒரு சில்லு கழன்று வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு கல்லை எடுத்துச் சுற்றிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து பதினொரு ஆண்டுகள், இருபத்தாறு கற்கள். இந்த ஒழுங்கையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபத்தாறு பிறந்தநாள்களுக்குக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கல் எந்தப் பிள்ளைக்குப் போனது என்பது எனக்கு மனப்பாடம். வேறு நினைத்துப் பார்க்க என்ன இருக்கிறது? பின்னேரங்களில் கதிரையில் இருந்துகொண்டு, இப்போது அந்த நண்டுக் கொடுக்கை அந்தப் பெடியன் யாருக்குக் காட்டிக்கொண்டிருப்பான், அந்தப் பவளத்தை அந்தப் பிள்ளை எங்கே வைத்திருப்பாள் என்று வரிசையாக நினைத்துப் போவேன். ஒழுங்கையில் பத்தொன்பது வீடு. அதில் பதினான்கில் என்னுடைய கல் ஒன்றாவது இருக்கிறது என்பது எனக்கு ஒரு ஆறுதல்.

பதினேழாவதை மருந்துக்கடைக்காரரின் மகனுக்கு அவனுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். என் பிறந்தநாளுக்கு அந்தச் சின்னப் பொதியைக் கொண்டுவந்தவரோ ஒழுங்கை முடிவில் இருக்கிற தையல்காரப் பெண். துவாய்க்குக் கீழே அதைத் தள்ளி வைத்தது எனக்கு நினைவிருந்தது. இரண்டு வீடு தாண்டி, இரண்டு தாள் கூடுதலாகப் போர்த்திக்கொண்டு, கல் என்னிடமே வந்திருக்கிறது. கோப்பைச் செற்றும் சுவர் மணிக்கூடும் இப்படி வீட்டுக்கு வீடு சுற்றுவது எல்லோருக்கும் தெரிந்த விசயம். அதை நான் குறையாக நினைக்கவில்லை. ஆனால் ஏன் ஒருவரும் பிரிக்கவில்லை? ஒரு பிள்ளைக்குப் பொதி கிடைத்தால் அது பிரிக்காமல் இருக்குமா?

அடுத்த நாள் காலையில், புதுச் சாரம் ஒன்றை மூட்டித் தைக்கவேண்டும் என்ற சாட்டில் தையல்காரப் பெண்ணிடம் போனேன். அவர் மெசினை நிறுத்தாமலே, "வாங்கோ ஐயா, இருங்கோ" என்றார்.

"நீங்கள் தந்ததைப் பிரிச்சுப் பார்த்தன் பிள்ளை."

"ஐயோ, அது சும்மா சின்னதுதானே. குளிக்க உதவுமெண்டு கொண்டந்தனான்."

"குளிக்கவோ?"

"சவுக்காரம்தானே ஐயா?"

மெசின் நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சாரத்தைப் பார்த்தேன்.

"நீங்கள் பிரிச்சுப் பார்க்கேல்லையோ?" என்றேன்.

"என்னத்துக்குப் பிரிக்கிறது? மணந்தாத் தெரியாதே? சந்தனச் சவுக்காரம். பெட்டியின்ர அளவும் பாரமும் அச்சொட்டு அதுதானே. மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு மருந்துக்கடையாக்கள் தந்தவை. அவளுக்குச் சந்தனம் போட்டால் உடம்பு கடிக்கும். நல்ல சாமானை ஏன் வீணாக்குவான் எண்டு..." அப்போதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "குறை நினையாதேங்கோ ஐயா. பழசெண்டாலும் வாசம் போகேல்லை."

"இல்லை, இல்லை. நல்ல சவுக்காரம்."

"நுரை வருதோ?"

"வருது" என்றேன்.

சாரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஒழுங்கையில் நான்கு கழுதைகள் வேலியோரம் நின்று யாரோ வீசிய அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தன. சோளகக் காற்று அடித்துக் கண்ணுக்குள் மண். வீட்டுக்குத் திரும்பாமல் நேராகச் சந்திக்குப் போனேன். மருந்துக்கடைக்காரர் எனக்கு இரத்த அழுத்தக் குளிசை வேண்டும் என்று நினைத்து அலுமாரியைத் திறந்தார்.

"குளிசைக்கு வரேல்லை. உங்கட மகன்ர அஞ்சாவது பிறந்தநாளுக்கு நான் வந்தனான், நினைவிருக்கோ?"

"நினைவில்லாமல்? நீங்கள் சவுக்காரம் தந்தனீங்கள்!" நினைவு பிசகாமல் வந்ததில் அவருக்குப் பெரிய சந்தோசம். "என்ர மனுசி சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. எல்லாரும் கார், பந்து எண்டு குடுக்க, ஐயா சவுக்காரம் குடுக்கிறார்; எங்கட பொடியன் குளிக்கப் பஞ்சிப்படுறது ஐயாவுக்கும் தெரிஞ்சுபோச்செண்டு."

"பிரிச்சுப் பார்த்தனீங்களோ?"

"மணந்து பார்த்தா. மனுசியின்ர மூக்கு பொலிஸ் நாய் மாதிரி." பிறகு குரலைத் தணித்து, "கோவிக்காதேங்கோ ஐயா, இந்த ஒழுங்கையில உங்கட பேரே சவுக்கார ஐயாதான். எந்தப் பிறந்தநாளுக்கும் அந்தச் சந்தனப் பெட்டிதானே. நல்ல விசயம். சுத்தம் முக்கியம்" என்றார்.

அது சவர்க்காரம் இல்லை, கல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மனைவியைக் கூப்பிட்டிருப்பார், மனைவி தையல்காரப் பெண்ணுக்குப் போன் எடுத்திருப்பார், பின்னேரத்துக்குள் பத்தொன்பது வீட்டிலும் அலுமாரிகளைத் திறந்து தேடியிருப்பார்கள். தேடி, கிடைத்ததைப் பிரித்து, கல்லைக் கண்டு, என்ன சொல்லியிருப்பார்கள்? சவர்க்காரம் என்றால் கையைக் காலைக் கழுவவாவது உதவும் என்று ஒரு மதிப்பு இருந்தது. அதையும் நானே கெடுப்பானேன்.

நான் ஒரே சவர்க்காரம்தான் போடுகிறவன். பெட்டி கெட்டியான அட்டை. எறிய மனம் வராது. கல்லுக்கும் பஞ்சுக்கும் அளவான பெட்டி. மணம் போகாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அந்த மணம் என்னுடைய உடம்பு மணம் மாதிரிப் பழகிப்போய் விட்டது.

வீட்டுக்கு வந்து இருந்து, இருபத்தாறையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இந்தப் பதினொரு ஆண்டில் ஒரு தாயாவது, ஒரு தகப்பனாவது, ஒரு பிள்ளையாவது என்னிடம் கல்லைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். பரிசைப் பற்றிப் பேசாத வழக்கத்தின்படி நடக்கிறார்கள் என்று. அவர்களிடம் பேச ஒன்றுமே இருக்கவில்லை. பெடியன் ஒருவனும் நண்டுக் கொடுக்கை ஒருவருக்கும் காட்டிக்கொண்டிருக்கவில்லை. நான் பின்னேரங்களில் வரிசையாக நினைத்துப் போன வீடுகளில், சட்டை அலுமாரிகளுக்குள், அடுத்த விசேசத்துக்கென்று ஒதுக்கிய சாமான்களோடு, கலண்டர் தாளுக்குள் அவை கிடந்தன. நறுவிலிக்குளத்தில் நாற்பதடிக்குக் கீழே கிடந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை இருந்தாள். அவளுடைய ஆறாவது, ஏழாவது, எட்டாவது பிறந்தநாள்களுக்குக் கொடுத்த மூன்றும் இருந்தன. ஒன்று, இரண்டு மூடியும் சேர்ந்தபடி இறுகிப்போன சிப்பி. ஒன்று பவளம். எட்டாவதுக்குச் சுறாப்பல். அதைக் கொடுக்க எனக்கு மனம் இருக்கவில்லை. என்னிடம் இருந்த ஒரே பல். ஆனாலும் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகள் பொதியைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறவர்கள். இவள் எதையும் தோண்டிப் பார்க்கிறவள். மதிலில் உள்ள ஓட்டைக்குள் குச்சி விட்டு, என் பக்கத்துக் கரப்பானை வெளியே எடுத்தவள். இவளாவது பிரித்திருப்பாள். இருபத்தாறில் மூன்று. மூன்றில் ஒன்று என்றாலும் போதும் என்று இருந்தது. ஒரேயொரு பிள்ளை ஒரேயொரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால், இந்தப் பதினொரு ஆண்டையும் நான் வேறுமாதிரிக் கணக்குப் பார்ப்பேன்.

அவளிடம் கேட்டால் முடிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறாள். நான் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் மூன்று இருந்தது. கேட்டு, இல்லை என்றால், ஒன்றும் இல்லை.

அவளுடைய ஒன்பதாவது பிறந்தநாள் நெருங்கியது. தாய் மதிலோரம் உடுப்புக் காயப்போட வந்தபோது சொன்னார்.

"ஐயா, ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குப் பொறந்தநாளு. நாலு மணிக்கு வந்துருங்க. இந்த வருசம் ஒண்ணும் எடுத்துட்டு வராதீங்க, நீங்க வந்தாலே போதும்."

"வெறுங்கையோட எப்படிப் பிள்ளை வாறது?"

"உங்க பார்சல் எப்பவுமே வாசமா இருக்குங்க ஐயா" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார். மூன்று முறையும் இதையேதான் சொல்லியிருந்தார், இதே சிரிப்போடு. வீட்டில் பழுத்த விளாம்பழமோ எதுவோ பக்கத்தில் இருந்திருக்கும், அந்த மணத்தைச் சொல்கிறார் என்று நான் அப்போது நினைத்தேன். இந்த முறை சவர்க்கார வாசம் என்று விளங்கியது. கேட்டுவிடு, இப்போதே கேட்டுவிடு என்று இருந்தது. "உடுப்பு நல்லாக் காயும், வெயில் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தகரப்பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்தவற்றை மேசையில் பரப்பினேன். திரும்பி வந்த பதினேழாவதைக் கொடுக்க மனம் வரவில்லை. அது போதிய வீடு சுற்றிவிட்டது. விரல் நீளத்தில் ஒரு ஊரியை எடுத்தேன். ஓடு கரைந்துபோய், உள்ளே நிறைந்த சுண்ணாம்பு மட்டும் சுருள் சுருளாக நின்ற கல். ஆறு சுற்று. கலண்டர் தாளை எடுத்தேன், கத்தரிக்கோலை எடுத்தேன், இரண்டையும் திரும்ப வைத்துவிட்டேன். கல்லை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு கதவைப் பூட்டினேன். மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன்.

சுற்றாத பரிசோடு ஒரு வீட்டுக்குப் போவது எவ்வளவு கூச்சமான விசயம் என்று எனக்கு அதுவரை தெரியாது. சட்டைப் பையில் போட்டேன், பை தொங்கியது. எடுத்தேன். கையைப் பின்னால் கட்டினேன். படலையடியில் மருந்துக்கடைக்காரர் நின்றார்.

"என்ன ஐயா, கல்லோட வாறியள்? ஆரின்ர மண்டையை உடைக்கப் போறியள்?"

"உங்கட மண்டை இல்லை. பயப்படாதேங்கோ."

"ஒருவேளை ரோட்டுக் கழுதைக்குப் பயந்து கொண்டு வாறாராக்கும்" என்றார் தையல்காரப் பெண். "சவுக்காரம் எங்க ஐயா?"

வீட்டுக்குள் இருபதுக்கு மேல் ஆட்கள். பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்ததால் சரியாக எண்ண முடியவில்லை. பலூன்கள் காற்றாடியில் அடிபட்டு வெடித்துக்கொண்டிருந்தன. அவள் மேசைக்குப் பின்னால் புதுச் சட்டையோடு நின்றாள். வந்தவர்கள் பொதியைக் கொடுக்க, அவள் வாங்கி, "தாங்க்ஸ்" என்று சொல்லி, பக்கத்தில் நின்ற தாயிடம் நீட்ட, தாய் உள்ளறைக் கட்டிலில் கொண்டுபோய் வைத்தார். என் முறை வந்தது. நான் கையை முன்னுக்குக் கொண்டுவந்து விரித்தேன்.

அவள் "தாங்க்ஸ்" என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இதென்ன தாத்தா?"

அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது. சிப்பியைக் கண்டவள், பல்லைக் கண்டவள் இதை என்னவென்று கேட்கமாட்டாள். மூன்றும் இல்லை. இருபத்தாறும் இல்லை. எனக்குப் பின்னால் இருவர் பொதியோடு காத்துக்கொண்டு நின்றார்கள். இந்தக் கேள்விக்கு நான் பதினொரு ஆண்டாக விடை வைத்திருந்தேன். கடல் எப்படிப் பின்வாங்கியது, சேறு எப்படி இறுகியது என்று ஒழுங்காக, பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரி.

"ஊரி" என்றேன்.

"செத்த ஊரியோ?"

"ஓம்."

"எப்ப செத்தது?"

"கனகாலம்."

"ஐயா பிறக்க முதலோ, பிறகோ?" என்றார் மருந்துக்கடைக்காரர் பின்னாலிருந்து.

"ஐயாவோட ஒரே வகுப்பில படிச்சதாம்" என்று யாரோ சொல்ல, அறை முழுவதும் சிரிப்பு.

தாய் சிரிக்கவில்லை. அவர் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஐயா... அப்ப அந்த சோப்பு டப்பா எல்லாம்?"

"அதெல்லாம் பரவாயில்லை பிள்ளை."

"ஒண்ணு பாப்பாவோட டீச்சருக்குக் குடுத்தேங்க. ஒண்ணு யாருக்குன்னே ஞாபகமில்ல. போன வருசத்தது... எங்கம்மாவுக்கு சந்தன சோப்புன்னா உசுருன்னு இந்தியாவுக்குப் போனவங்ககிட்ட குடுத்து விட்டேனே."

சுறாப்பல் கடல் கடந்துவிட்டது. அந்தத் தாய்க்கிழவி பிரித்திருப்பாரா, அவரும் யாருக்காவது எடுத்து வைத்திருப்பாரா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் வலக்கையில் கத்தியைப் பிடித்தாள். இடக்கையில் கல். "அதைக் கீழ வை பாப்பா, போட்டோவுக்கு நல்லா இருக்காது" என்றார் தகப்பன். அவள் வைக்கவில்லை, வைக்க இடமும் இல்லை. கிறீம் பட்டு, ஊரியின் சுற்றுகளுக்குள் இறங்கியது. பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷால்தான் இனி எடுக்கவேண்டும், ஊசியால் நோண்டினால் கீறல் விழும் என்று எனக்குப் பதற்றமாக இருந்தது. யாரிடம் சொல்வது?

நான் வழக்கமாகக் கேக் துண்டு கையில் வந்ததும் கிளம்புகிறவன். அன்றைக்கு ஒரு மூலைக் கதிரையில் இருந்துவிட்டேன். ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் வீட்டுக்காரர் மூவரும் நானும். நான் எழும்பப் போனபோது தாய், "நீங்க இருங்க ஐயா, நீங்க என்ன விருந்தாளியா?" என்றார். எனக்குச் செய்த பிழையை எப்படியாவது சரிக்கட்டவேண்டும் என்று அவர் தவிப்பது தெரிந்தது. பொதிகளைக் கட்டிலிலிருந்து அள்ளிவந்து பாயில் போட்டார்கள். பதினாறு.

ஒரு பிள்ளை பரிசு பிரிப்பதை என் வாழ்நாளில் நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கிழிக்கிறாள். உள்ளே இருப்பதைத் தூக்கிப் பார்க்கிறாள். "ஐ, பென்சில் பெட்டி." அடுத்தது. "சட்டை." அடுத்தது. நிறப்பென்சில் இரண்டு பெட்டி, தண்ணிப் போத்தல், காதுக்குப் போடுகிற தோடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு நேரம்தான். பிடித்ததற்கும் அவ்வளவுதான், பிடிக்காததற்கும் அவ்வளவுதான். நான் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சிப்பியையும் பவளத்தையும் பல்லையும் அன்றன்றைக்கே பிரித்திருந்தாலும் இந்த ஒரு மூச்சு நேரம்தான் கிடைத்திருக்கும். "ஐ, கல்லு." அடுத்தது. இதை முன்னமே பார்த்திருந்தால், அந்தப் பின்னேரங்களில் நான் அவ்வளவு தூரம் நினைத்துப் போயிருக்கமாட்டேன்.

பிரித்த தாள்கள் காற்றாடிக் காற்றில் அறை முழுக்கப் பறந்தன. தகப்பன் அவற்றைப் பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நல்ல தாளை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கவேண்டுமே. பறக்காமல் இருக்க, அவளுக்குப் பக்கத்தில் பாயில் கிடந்த கல்லை எடுத்து அடுக்கின் மேல் வைத்தார். அளவான பாரம். தாள் அசையவில்லை. தாய் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து, செருப்பைத் தேடுகிறவன் போல இருந்தேன்.

அவள் பதினைந்தாவதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டினாள்.

"அப்பா, அது என்ர. தாங்கோ."

"தாளு பறந்துரும்மா."

"வேற ஏதும் வையுங்கோ. அது என்ர."

அவர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தண்ணிப் போத்தலைத் தாளின்மேல் வைத்தார். அவள் கல்லை மடியில் போட்டுக்கொண்டு, பதினாறாவதைக் கிழித்தாள். நான் எழும்பி வந்தேன். வாறன் என்று சொன்னேன். தாள் கிழியும் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்டிருக்காது.